லிஃப்டில் மட்டும் தூங்குகிறவள்

பிப்ரவரி 9

பாப்பாவுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை என்பதால்தானே பேனாவையே எடுத்தேன். நேற்று போனில் "என்னம்மா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், அதற்கே குழந்தை சுண்டு எழுந்து அலறிவிட்டாள். நீயும் போனை வைத்துவிட்டாய். தப்பு உன் மேல் இல்லை. என் குரல் அப்படி. நான் கட்டடத்துக்கு அடியில் நின்று கூப்பிட்டால் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருப்பவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவும். லிஃப்ட் மெக்கானிக் என்றால் அந்தக் குரல் வேண்டும்.

ஆகவே இனிமேல் கடிதம்தான். கடிதம் குழந்தையை எழுப்பாது. எனக்கு எழுத்தும் நன்றாக வரும். எட்டாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டபோது தலைமை ஆசிரியர் கண்கலங்கினார். உன் அம்மா உயிரோடு இருந்தால், "சந்தோஷத்துலதான் கலங்கினாரு" என்பாள். அவள் அப்படித்தான்.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஒன்றரை வயதுக் குழந்தை பகலிலும் தூங்குவதில்லை, ராத்திரியும் தூங்குவதில்லை. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். நீ ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றபடியே கண்ணை மூடுகிறாய். ஆஸ்பத்திரிக் காப்பகத்தில் மத்தியானம் எல்லாக் குழந்தைகளும் தூங்கும்போது இவள் ஒருத்தி கத்தி அத்தனை பேரையும் எழுப்பிவிடுகிறாள். "தூங்கப் பழக்கிக் கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். காப்பகம் போனால் வேலை போகும். வேலை போனால் குழந்தையை உன் நாத்தனார் வீட்டில் விடலாம் என்று மாப்பிள்ளை ஏற்கெனவே ஒருமுறை பேச்செடுத்திருக்கிறார். இதுதானே?

இதற்கா அழுகை? பகலில் தூங்கவிடாதே. கண் சொருகினால் முகத்தைத் துடைத்துவிடு, தூக்கி நடக்க வை, பாட்டுப் போடு. சாயங்காலம் மூட்டை மாதிரி விழுவாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? ஒருமுறை பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே இரட்டைக் குழந்தையோடு ஒரு அம்மா. நான் கதவிடுக்கில் வாயை வைத்து நாலு வார்த்தை பேசினேன். இரண்டு குழந்தையும் தூங்கின. அம்மாவும் தூங்கினாள். வெளியே நின்ற வாட்ச்மேன்கூட நாற்காலியில் சாய்ந்துவிட்டான். அப்புறம் எல்லாரையும் எழுப்புவதுதான் பெரும்பாடு.

செய்துவிட்டு எழுது.

மாமா

பிப்ரவரி 23

மாமா,

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே அறை வீட்டில் காகிதம் சரசரத்தால்கூட அவளுக்குக் கேட்கிறது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். விடுமுறை நாட்களில் பகல் முழுக்கத் தூங்கவிடவில்லை. கண்ணைக் கசக்கினாள், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள், சுவரில் போய்த் தலையை முட்டினாள். சாயங்காலம் மூட்டை மாதிரி விழவில்லை, மாமா. வெறி பிடித்த மாதிரி ஓடினாள். சிரிப்பாள், சிரித்துக்கொண்டே அழுவாள், தூக்கினால் வில்லாக வளைவாள். எப்போதோ அசந்து, கொஞ்ச நேரத்திலேயே திடுக்கிட்டு எழுந்தாள். களைப்பு அதிகமானால் குழந்தைக்குத் தூக்கம் வராதாம். காப்பகத்து அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "யாரும்மா உனக்கு இந்த யோசனை சொன்னது? அவங்க எத்தனை பிள்ளை வளர்த்தாங்க?" என்றார். நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கேயோ படித்தேன் என்றேன்.

யோசனை எதுவும் வேண்டாம். முடிந்தால் வந்து கொஞ்ச நாள் இருங்கள். நான் குளிக்கும்போது அவளைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், அவ்வளவு போதும். நேற்று அவள் கத்தக் கத்த நான் சமையல்கட்டில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 15

பாப்பாவுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் உன் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்டக்டரிடம் சொன்னார். இறங்கும்போது பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

பின்னே? டாக்டர்கள் கைவிட்ட கேஸ் அல்லவா! (நீ டாக்டரிடம் போகவில்லை என்பது வேறு விஷயம். போயிருந்தால் கைவிட்டிருப்பார்கள்.) நான் வந்த அன்று அவள் என் மீசையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டாளே, நீ சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாயே, அப்போதுதான் எனக்கு மின்னல் வெட்டியது. குழந்தையைத் தோளில் போட்டேன். உங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் போனேன். மேலே, கீழே, மேலே, கீழே. நல்ல மெஷின் அது. பழசுதான், ஆனால் மோட்டார் தேன்வண்டு மாதிரி முரலுகிறது. இரண்டாவது சுற்றிலேயே தலை சாய்ந்தது. மூன்றாவது சுற்றில் என் சட்டையெல்லாம் எச்சில். உன் வாசலில் இறங்கியபோது நீ பார்த்த பார்வை இருக்கிறதே, உன் கல்யாணத்தன்றுகூட உன் முகம் அப்படி இல்லை.

நான் இருந்த நாளெல்லாம் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று தவறவில்லை. நாலாம் மாடி அம்மா, "என்னங்க, லிஃப்டை வாடகைக்கு எடுத்துட்டீங்களா?" என்றாள். "இல்லம்மா, தொட்டிலா மாத்திட்டேன்" என்றேன். சிரித்துவிட்டாள். எங்கள் லிஃப்ட் கம்பெனி டிப்போவில் இதைச் சொன்னதும் ஒருத்தன் எழுந்து நின்று கை கொடுத்தான்.

இனிமேல் நீயும் அதையே செய். தூக்கம் என்றால் மாமா, மாமா என்றால் தூக்கம்.

மார்ச் 28

மாமா,

நீங்கள் போன பிறகு அவள் லிஃப்டில் மட்டும்தான் தூங்குகிறாள்.

வீட்டில் படுக்கவைத்தால் எழுந்து போய் வாசற்கதவைக் கையால் தட்டுகிறாள். லிஃப்டில் தூங்கவைத்துக் கொண்டுவந்து போட்டாலும், கண் விழித்ததும் ஆட்டமும் அந்த முரலலும் இல்லை என்று தெரிந்தவுடன் மறுபடி கத்தல், மறுபடி லிஃப்ட். உங்களுக்குத் தோள் இருக்கிறது. எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. போன வாரம் லிஃப்டின் மூலையில் குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் காய்கறிப் பையோடு நின்றார். "இது ஜனங்க போய் வர்றதுக்கும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

காப்பகம் தரைத்தளக் கட்டடம். அக்கா என்னிடம் கேட்டார்: "நான் லிஃப்டுக்கு எங்கே போக?" அடுத்த மாதக் கடைசி வரைதான் பார்ப்பார்களாம்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே குழந்தை டாக்டரைப் பார்த்தேன். எதை வைத்துக்கொண்டு தூங்கினாளோ அதைத்தான் விழித்ததும் தேடுவாள் என்றார். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. முகம் கழுவல், ஒரு சின்னப் பாட்டு, திரையை இழுத்து இருட்டாக்கல். தூங்கிய பிறகு அல்ல, விழித்திருக்கும்போதே படுக்கையில் விட வேண்டும். அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைக்கலாம், தூக்கக் கூடாது. "முதல்ல கஷ்டமா இருக்கும். நடுவுல மனசு மாறிடாதீங்க" என்றார். ஆரம்பித்தேன். நடுவில் மனசு மாறி, லிஃப்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாளை மறுபடி முதலிலிருந்து.

ஏப்ரல் 4

பாப்பாவுக்கு,

டாக்டர் சொன்னதைப் படித்தேன். படித்தவர், சொல்லட்டும். ஆனால் அவருக்கு லிஃப்ட் தெரியுமா? கிளம்பும்போது ஒரு குலுக்கல், நிற்கும்போது ஒரு குலுக்கல், கதவு மூடும்போது டமால். குழந்தை விழிப்பது அதனால்தான். குறை என் வைத்தியத்தில் இல்லை, மெஷினில்தான்.

கவலையை விடு. உங்கள் ஊரில் என் பழைய கூட்டாளி ஒருவன் இருக்கிறான். இந்தத் தொழிலை அவன் கற்றதே என்னிடம்தான். (அவனிடம் கேட்டால் மாற்றிச் சொல்வான், நம்பாதே.) சொல்லிவிட்டேன். சும்மா பார்க்க வந்தவன் மாதிரி வந்து, பிரேக்கையும் கதவையும் கொஞ்சம் மெதுவாக்கிவிட்டுப் போவான். சங்கத்துக்குத் தெரியாது, செயலாளருக்குத் தெரியாது. அதற்கப்புறம் உங்கள் லிஃப்ட் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. சுண்டு படுத்தால் விடிந்துதான் எழுவாள்.

மாமா இருக்கும்போது உனக்கு ஏன் மணிக்கட்டு வலி?

ஏப்ரல் 8

மாமா,

அவசரமாக எழுதுகிறேன். நேற்றும் இன்றும் மத்தியானம் காப்பகத்தில் தன் பாயில் தூங்கியிருக்கிறாள்! அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டினாராம். கொஞ்சம் சிணுங்கிவிட்டு, கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு, தானாகவே தூங்கினாளாம். வீட்டிலும் அழுகை குறைகிறது. எனக்கு நம்பவே பயமாக இருக்கிறது. மருந்தகத்தில் இன்று என்னை அறியாமல் சிரித்தேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைப் பெண் "என்னக்கா, அவர் வர்றாரா?" என்று கேட்டாள்.

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. போனில் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. தயவுசெய்து கூட்டாளியை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். எதையும் தொட வேண்டாம். இன்றே சொல்லுங்கள்.

ஏப்ரல் 25

மாமா,

உங்கள் கூட்டாளி என் கடிதத்துக்கு முந்திவிட்டார்.

வேலைக்குக் கிளம்பும்போது, இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கும் போனது. நானும் சுண்டுவும் மட்டும். மணியை அழுத்தினேன், கதவைத் தட்டினேன். வாட்ச்மேன் சாவி தேடினார். வெளியே யாரோ, "நேத்து ஒரு ஆள் வந்து எதையோ திருகிட்டிருந்தானே" என்று சொல்வது உள்ளே கேட்டது. முதலில் அழுதாள். அப்புறம் அழக்கூட இல்லை, நடுங்கினாள். இருட்டில் என் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். நான்தானா என்று.

அன்றிலிருந்து திரையை இழுத்தாலே அலறுகிறாள். கதவைச் சாத்தினால் மூச்சு நிற்கிற மாதிரி அழுகிறாள். டாக்டர் சொன்ன எதுவும் நடக்கவில்லை. காப்பகத்தில் பாயைப் பார்த்ததும் ஓடுகிறாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியலம்மா, மத்த பிள்ளைங்களையும் பார்க்கணும்ல" என்றார்.

இதற்கு நடுவில், போன வாரம், ஒரு பெரியவருக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரைக்குப் பதில் வீரியம் கூடியதைக் கொடுத்துவிட்டேன். அவர் மகள் வாசலிலேயே பார்த்துத் திரும்பி வந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? மேலதிகாரி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "கொஞ்ச நாள் லீவு போட்டுட்டுப் போங்க" என்றார். கப்பலில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குச் செய்தி போனது. அவர் நாத்தனாரிடம் பேசிவிட்டார்.

நீங்கள் ஒரு பிள்ளையைப் பெற்றதில்லை, வளர்த்ததில்லை. ஒரு பூனைக்குட்டியைக்கூட வளர்த்ததில்லை. உங்களுக்கு வேண்டியது பஸ்ஸில் சொல்ல ஒரு கதை. என் குழந்தையின் தூக்கம் உங்களுக்குக் கதை.

பதில் எழுத வேண்டாம்.

மே 3

பாப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். அடிப்பதென்றால் நேரில் வந்து அடி, வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டாளியைப் போனில் பிடித்து நாலு வார்த்தை கேட்டேன். ஊரே கூடிவிட்டது. அவன் என் காலில் விழாத குறை. (விழவில்லை. "நீதானடா சொன்னே" என்றான்.)

இப்போது நான் சொல்வதைக் கேள். டிப்போவில் லீவு கேட்டிருக்கிறேன். தரமாட்டேன் என்றால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். நான் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதி லிஃப்ட் ஓடாது, ஓடாவிட்டால் போகட்டும், ஜனங்கள் படி ஏறட்டும், உடம்புக்கு நல்லது. நான் உன் வீட்டு வாசலில் படுத்துக்கொள்கிறேன். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன். லிஃப்ட் பக்கமே போகமாட்டேன். டாக்டர் சொல்கிறபடி முதுகில் கை வைப்பேன், தூக்கமாட்டேன். பேசவேமாட்டேன். என் குரலை நான் அடக்கி நீ பார்த்ததில்லை, பாரேன்.

நாத்தனாரிடம் மட்டும் விட்டுவிடாதே.

பூனைக்குட்டி விஷயம். ஒன்று வளர்த்தேன். உனக்குத் தெரியாது. சரி, அதை விடு.

மே 19

மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் நாத்தனார் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

நல்லவர். என்னைக் குறை சொல்லவில்லை. "உன் உடம்பு தேறட்டும்மா. என் பசங்க ரெண்டும் ஸ்கூலுக்குப் போயிடுது, வீடு அமைதியா இருக்கும்" என்றார். லிஃப்டில் இறங்க முடியாது என்று நானே படி வழியாகத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்தேன். கொஞ்ச தூரத்தில் தூங்கிவிட்டாளாம். வழியில் போன் செய்து சொன்னார்.

வீட்டில் இப்போது பாத்திரம் விழுந்தாலும் யாரும் எழுவதில்லை. மருந்தகத்தில் மறுபடி சேர்ந்துவிட்டேன். தப்பு செய்வதில்லை. எல்லாரும் "முகம் தெளிஞ்சிடுச்சே" என்கிறார்கள். படுத்தால் தூக்கம் வரவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.

நாத்தனாரிடம் கேட்டால் "நல்லா இருக்கா" என்கிறார். கப்பலிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டாலும் அதே பதில். எனக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. கூட்டிக்கொண்டு வரலாமா வேண்டாமா என்று நான்தான் முடிவு சொல்ல வேண்டுமாம். அடுத்த மாதம் அவரே ஊருக்கு வந்து பேசுவாராம்.

அந்த ஊர் உங்களுக்குப் பக்கம்தானே. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கோபத்தில் நான் எழுதியதை மனதில் வைக்காதீர்கள். ஆனால் இந்த ஒரு தடவை மட்டும் கூட்டாமல் எழுதுங்கள், மாமா. கண்ணால் பார்த்ததை மட்டும்.

ஜூன் 1

பாப்பாவுக்கு,

போனேன்.

தரைத்தள வீடு. வாசலில் செருப்பு வைக்கும் தட்டு. ஜன்னலுக்கு மெல்லிய திரை. சுண்டு கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு இல்லை.

உன் நாத்தனார் எல்லாவற்றையும் சொன்னாள். வந்த புதிதில் சுண்டு ரொம்ப அழுதாளாம். இவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம், ஒன்றும் பேசமாட்டாளாம். இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று தெரிந்ததும் திரையைப் பாதி திறந்தே விட்டாளாம், கதவையும் சாத்துவதில்லையாம். தினமும் அதே நேரம், அதே பாட்டு. இப்போது மத்தியானமும் தூங்குகிறாள், ராத்திரியும் முழுக்கத் தூங்குகிறாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நான் ஏதாவது கண்டுபிடித்துக் குறை சொல்லலாம் என்று பார்த்தேன். இல்லை.

என்னைப் பார்த்ததும் சுண்டு ஓடி வந்தாள். கிட்டே வந்ததும் நின்றாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்புறம் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன், வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவள் தூங்கவில்லை. எழுந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். உன் நாத்தனார், "இன்னிக்குத்தான் இப்படி. தினமும் சமத்தா தூங்கிடுவா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள். நான் கிளம்பிவிட்டேன். நான் போன பிறகு சாயங்காலம் வரை அழுததாக அப்புறம் போன் செய்தபோது தெரிந்தது.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று காகிதத்தை மூன்று தடவை கிழித்தேன். நீ கேட்டதால் எழுதினேன்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மாமா

ஜூன் 7

மாமா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கூட்டாமல் எழுதினீர்கள் என்று தெரிந்தது.

அவள் அங்கேயே இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டேன். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார்.

நான் போய்ப் பார்க்கப்போவதில்லை. நீங்களும் இனிமேல் அங்கே போகாதீர்கள். உங்களைப் பார்த்தால் அவள் என்னைத் தேடுவாள்.

தூங்கட்டும்.